பொருத்தம் பார்த்து வாங்கும் கணினி

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இயங்கலைக்கு மாறின. மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் எல்லாருக்குமாக இருந்தது ஒரே ஒரு திறன்பேசிதான். அண்ணனுக்கு ஒன்பது மணிக்குக் கணிதம் என்றால், தங்கைக்கும் அதே ஒன்பது மணிக்கு அறிவியல். குலை வெட்டப் போகும் தந்தை அந்தத் திறன்பேசியையும் எடுத்துச் சென்றுவிட்டால் இருவருக்குமே பாடம் இல்லை.

அந்த நெருக்கடி கடந்துவிட்டது. ஆனால், வீட்டில் ஒரு கணினி வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் அப்படியே தங்கிவிட்டது. ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் வாழும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி அதற்காக ரி.ம. 1,500 சேர்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்பு, விடுமுறையில் மாமாவின் கடையில் உதவியதற்குக் கிடைத்த பணம், தந்தை மாதந்தோறும் ஒதுக்கித் தந்த சிறு தொகை ஆகிய எல்லாம் சேர்ந்தது அது. 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் ரி.ம. 1,700ஆக உயர்த்தப்பட்டது. அதனோடு ஒப்பிட்டால், அவள் கையில் இருப்பது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு. அதில் முந்நூறு ரிங்கிட்டைப் பொருந்தாத ஒரு பாகத்திற்குக் கொடுத்துவிட்டால், மீதிப் பணத்தால் வாங்கிய நல்ல பாகங்களும் மேசைமேல் வெறுமனே கிடக்கும்.

ஆயத்தமாக விற்கப்படும் மடிக்கணினி ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்பது இயல்பு. நாள்தோறும் சுமந்து செல்ல வேண்டியவருக்கு மடிக்கணினிதான் ஏற்றது, அதில் ஐயமில்லை. வீட்டிலேயே இருக்கப்போகும் கணினிக்கு வேறு கணக்கு உண்டு. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. தனித்தனிப் பாகங்களால் பொருத்தப்பட்ட மேசைக்கணினியில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். பணம் சேரும்போது ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம். அண்ணன் பொருத்திய கணினி தம்பியின் எஸ்.பி.எம். தேர்வு வரை உழைப்பது இப்படித்தான்.

திருமணத்திற்குப் பொருத்தம் பார்க்கும் பெரியவர்கள் ஒருவரை மட்டும் தனியே பார்த்து முடிவு செய்வதில்லை. கணினிப் பாகங்களும் அப்படியே. ‘இது நல்ல பாகமா?’ என்ற கேள்வியைவிட ‘இது அதனோடு சேருமா?’ என்ற கேள்விதான் இங்கு முதன்மையானது. கடைக்காரர் மிகச் சிறந்தது என்று காட்டும் நினைவகம், வாங்கி வைத்திருக்கும் தாய்ப்பலகையில் நுழையாவிட்டால் அது சிறந்ததாக இருந்து பயன் என்ன?

பொருத்தம் பார்க்கும் வேலை மையச் செயலியில் தொடங்குகிறது. கடைகளில் ‘புரோசசர்’ என்று கேட்டால்தான் உடனே விளங்கும். கணக்கீடுகளையெல்லாம் செய்யும் இந்தச் சில்லைப் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. ஒன்று இன்டெல், மற்றொன்று ஏ.எம்.டி. இரண்டில் எது நல்லது என்று மாணவர்கள் வாதிடுவதுண்டு. குறைந்த பணத்தில் கணினி பொருத்துபவருக்கு அந்த வாதம் அவ்வளவாகத் தேவையில்லை. இரண்டிலும் பள்ளி வேலைக்குப் போதுமானவை உள்ளன. எதைத் தேர்ந்தாலும் அதற்கேற்ற தாய்ப்பலகையைத் தேர வேண்டும் என்பதே கவனிக்க வேண்டியது.

தாய்ப்பலகை, அதாவது ‘மதர்போர்டு’, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை. அதன் நடுவில் மையச் செயலி அமரும் இடத்திற்குப் பொருத்துவாய் என்று பெயர். ‘சாக்கெட்’ என்பது கடை வழக்கு. இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் பொருத்துவாய்கள் ஒன்றுக்கொன்று மாறானவை. ஒரே நிறுவனத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை மாறும். ஏ.எம்.டி. 2016இல் அறிமுகப்படுத்திய ஏஎம்4 பொருத்துவாயில் 1,331 துளைகள் உள்ளன; ஊசிகள் சில்லின் அடியில் இருக்கும். 2022இல் வந்த ஏஎம்5இல் அந்த முறையே தலைகீழானது. ஊசிகள் பலகைக்கு இடம்பெயர்ந்தன, எண்ணிக்கை 1,718. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 என்ற பொருத்துவாய் 2021இல் வந்தது. 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் அதில் அமரும். 2020இல் வந்த எல்ஜிஏ 1200 பலகையில் இவற்றில் எதுவும் அமராது.

நுழையாத ஒன்றை வாங்கிவிட்டால் அது நுழையவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். நுழைந்தும் இயங்காதவைதான் ஏமாற்றிவிடும். இன்டெல்லின் எல்ஜிஏ 1151 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6, 7ஆம் தலைமுறைச் செயலிகளுக்கும் 8, 9ஆம் தலைமுறைச் செயலிகளுக்கும் பொருத்துவாயின் பெயர் ஒன்றுதான். தொடுமுனைகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனால், 2017இல் வந்த 8ஆம் தலைமுறையில் சில முனைகளின் மின்வேலை மாற்றப்பட்டது. ஆகவே, பழைய 200 வரிசைப் பலகையில் 8ஆம் தலைமுறைச் செயலியை வைத்தால் அது அழகாக அமர்ந்துவிடும். கணினி மட்டும் இயங்காது. பழைய பாகங்களை மலிவாக வாங்கிப் பொருத்த முனைவோர் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை இளங்கன்றில் ஒட்டுக்கட்டும் முறை தோட்டங்களில் பரவியது. கன்றின் பட்டையில் வெட்டிய இடமும் மொட்டோடு சீவி எடுத்த பட்டைத் துண்டும் அளவில் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுக்கள் ஒன்றையொன்று தொட்டுப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் சில வாரங்களில் மொட்டு கருகிவிடும். சில்லும் பலகையும் சேர்வதும் அதுபோன்றதே. அளவு ஒத்துப்போவது பாதிப் பொருத்தம்தான்.

பொருத்துவாய் சரியாக இருந்தும் மற்றொரு தடை எழலாம். தாய்ப்பலகையில் ‘பயாஸ்’ எனப்படும் ஒரு சிறு தொடக்க நிரல் பதிந்திருக்கும். மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது அதுதான். பலகை ஆலையிலிருந்து வெளிவந்த பிறகு பிறந்த செயலியை அந்த நிரலுக்கு அடையாளம் தெரியாது. எடுத்துக்காட்டாக, 2018இல் விற்பனைக்கு வந்த பி450 வகைப் பலகைகளில் 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசைச் செயலிகள் இயங்கும். ஆனால், பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். செயலி இல்லாமலேயே விரலியைச் செருகிப் பயாஸைப் புதுப்பிக்கும் வசதி சில பலகைகளில் உண்டு; எல்லாவற்றிலும் இல்லை. எனவே, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்வது நல்லது. ஒவ்வொரு பலகையும் எந்தெந்தச் செயலிகளை, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்ற பட்டியலை அதன் தயாரிப்பாளர் தம் இணையத்தளத்தில் வெளியிடுகிறார். நண்பர் சொல்வதையும் காணொளியில் கேட்பதையும்விட அந்தப் பட்டியலே நம்பத்தக்கது.

இந்தப் பலகைகளில் உள்ள சிறு கறுப்புச் சில்லுகள் மலாக்காவுக்கு அந்நியமானவை அல்ல. பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் 1973இல் சீமென்ஸ் நிறுவனம் குறைகடத்தி ஆலை ஒன்றைத் தொடங்கியது. 1999இல் சீமென்ஸின் குறைகடத்திப் பிரிவு இன்ஃபினியன் என்ற தனி நிறுவனமானபோது அந்த ஆலையும் அதனுடையதானது. அதே வட்டாரத்தில் இயங்கிய நேஷனல் செமிகண்டக்டர் ஆலை 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இத்தகைய ஆலைகளில் சில்லுகளை உறையிடுவதும் சோதிப்பதும் நடைபெறுகின்றன. மின்னோட்டத்தை நெறிப்படுத்தும் சில்லுகள் இன்ஃபினியன் நிறுவனத்தின் முக்கிய விளைபொருள். அவ்வகைச் சில்லுகள் இல்லாத தாய்ப்பலகை கிடையாது. தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குச் சென்ற ஒருவர் என்றோ சோதித்தனுப்பிய சில்லு, கணினிப் பலகையின் ஒரு மூலையில் அதே மாநிலத்திற்குத் திரும்பி வந்திருக்கவும் கூடும்.

இனி, அந்த மாணவியின் தேவைக்கு வருவோம். கட்டுரை தட்டச்சு செய்தல், டெலிமா தளத்தில் பாடம் பயிலுதல், கணினி அறிவியல் பாடத்திற்கு நிரல் எழுதுதல், சிறு காணொளிகளைத் தொகுத்தல். இவற்றுக்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. செயலிக்குள்ளேயே படம் காட்டும் பகுதி அமைந்திருந்தால் போதும். ஆனால், எல்லாச் செயலிகளிலும் அந்தப் பகுதி இருப்பதில்லை. பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். இன்டெல் ஐ3-12100இல் படம் காட்டும் பகுதி உண்டு. ஐ3-12100எஃப் என்பதில் இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி என்பதில் உண்டு. ஜி என்ற எழுத்து இல்லாத ரைசன் 5 5600இல் இல்லை. எஃப் எழுத்துச் செயலி சற்று மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவைக் கண்டு வாங்கிவிட்டால், விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே இருக்கும். பின்னர் வரைகலை அட்டை ஒன்றை வாங்கியே தீர வேண்டும். ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு அது பெரிய விலை.

நினைவகத்தைக் கடையில் ‘ராம்’ என்பார்கள். இதற்கும் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகள் உள்ளன; நீளமும் ஒன்றே. அடிப்பக்க வெட்டுமட்டும் இடம் மாறி இருக்கும். ஒன்றின் துளையில் மற்றொன்றை அழுத்திச் செருகினால் உடைவது நினைவகமோ பலகையோதான். ஏஎம்4 பலகைகள் டிடிஆர்4 மட்டுமே ஏற்கும். ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 மட்டுமே. இன்டெல் எல்ஜிஏ 1700இல்தான் குழப்பம். ஒரே செயலிக்கு டிடிஆர்4 பலகையும் கிடைக்கும், டிடிஆர்5 பலகையும் கிடைக்கும். பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மடிக்கணினிக்கான நினைவகம் நீளத்தில் ஏறத்தாழப் பாதி. மேசைக்கணினியில் அது பயன்படாது.

எட்டு ஜிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்குவது, பதினாறு ஜிகாபைட் துண்டு ஒன்று வாங்குவதைவிட மேலானது. இரண்டு துண்டுகள் இருந்தால் செயலி ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் தரவைப் பெறும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் படம் காட்டும் பகுதியும் அதே நினைவகத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறது; ஆகவே, அங்கு வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆயினும், நினைவகத்தின் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் அது உலகெங்கும் வேகமாக ஏறியது. பணம் போதாதபோது எட்டு ஜிகாபைட் துண்டு ஒன்றோடு தொடங்கி, மற்றொரு துளையைக் காலியாக விட்டுவைக்கலாம். அதற்காகவே, குறைந்தது இரண்டு துளைகள் உள்ள பலகையைத் தேர்வது அறிவுடைமை.

கோப்புகளைச் சேமிக்கும் வட்டில் அவ்வளவு சிக்கல் இல்லை. சுழலும் தகடுகளைக் கொண்ட பழைய வன்தட்டைவிட, ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் திண்மநிலை வட்டே இன்று ஏற்றது. அதில் எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவம் பரவலாகக் கிடைக்கிறது. அதன்மேல் 2280 என்று இருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை மொழிகளை அவை பேசும். சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை அதைப்போல் பல மடங்கு வேகம் உடையது. பலகையின் துளை எந்த வகையை ஏற்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.

எல்லாரும் கடைசியாக நினைத்து, மிஞ்சிய பணத்தில் வாங்கும் பாகம் ஒன்று உண்டு. அது ‘பவர் சப்ளை’ எனப்படும் மின்வழங்கி. உண்மையில், சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அதுவே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் அளிப்பது அந்தப் பெட்டிதான். மற்ற பாகம் பழுதானால் அந்தப் பாகத்தோடு இழப்பு நின்றுவிடும். தரமற்ற மின்வழங்கி பழுதானால் பலகையையும் வட்டையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடக்கூடும். கணினிப் பெட்டியோடு இலவசமாக வரும் பெயரற்ற மின்வழங்கியில் 500 வாட் என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்பிவிட முடியாது. தூக்கிப் பார்த்தாலே சிலவற்றின் எடைக்குறைவு தெரியும்.

எவ்வளவு வாட் தேவை என்பதைக் கணக்கிடுவது எளிது. ரைசன் 5 5600ஜி செயலியின் வெப்ப வடிவமைப்பு அளவு 65 வாட். தனி வரைகலை அட்டை இல்லாத இத்தகைய கணினி முழுவதும் சேர்ந்து பொதுவாக 150 வாட்டைத் தாண்டாது. ஆகவே, நல்ல நிறுவனத்தின் 450 வாட் மின்வழங்கி போதுமானது. பிறகு ஒரு சிறிய வரைகலை அட்டையைச் சேர்க்கவும் இடம் இருக்கும். ‘80 பிளஸ்’ என்ற முத்திரை, உள்வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனுள்ளதாக மாற்றித் தருகிறது என்பதற்கான சான்று. அது மின்சிக்கனத்தைத்தான் அளக்கிறது. எல்லாத் தரத்தையும் அளப்பதில்லை. இருப்பினும், அந்த முத்திரைகூட இல்லாததை ஒதுக்கிவிடலாம். பழைய மின்வழங்கிகள் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று காட்டும் சிவப்பு மாற்றி ஒன்று இருக்கும். நம் நாட்டில் அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் இருக்க, மின்சாரத்தைப் பாய்ச்சினால் அந்த நொடியே அது வெடித்துப் பழுதாகிவிடும்.

இடி மின்னலையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலாக்கா நீரிணையை ஒட்டிய பகுதிகளில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்வதுண்டு. சில மாதங்களில் விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் திடீர்க்காற்றும் மின்னலோடு வந்து சேரும். மின்பெருக்கைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகை சிறிதளவு காக்கும்; அதுவும் வீட்டின் மின்னிணைப்பில் நிலக்கம்பி சரியாக இருந்தால்தான். பழைய தோட்ட வீடுகளில் அதைச் சான்றுபெற்ற மின்பணியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இடி தொடங்கியதும் செருகியைக் கழற்றிவிடும் பழக்கத்திற்கு ஈடான கருவி இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

கணினிப் பெட்டியை நம் கடைகளில் ‘கேசிங்’ என்பார்கள். பெரிய தாய்ப்பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். நடுத்தரமானது 244க்கு 244. மிகச் சிறியது 170க்கு 170. பெரிய பெட்டியில் சிறிய பலகை அமரும். சிறிய பெட்டியில் பெரிய பலகை அமராது. வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிப் பெட்டிமீது மாணவர்களுக்கு ஆசை அதிகம். ஆசையில் தவறில்லை, அதற்கான பணம் மின்வழங்கியின் பங்கிலிருந்து போகக் கூடாது. செயலியைக் குளிர்விக்கும் விசிறி 5600ஜி போன்ற செயலிகளின் பெட்டியிலேயே வந்துவிடுகிறது. பழைய விசிறியைப் பயன்படுத்த நினைப்பவர் மட்டும், எல்ஜிஏ 1200, எல்ஜிஏ 1700 பலகைகளின் திருகுத் துளைகளுக்கிடையே இடைவெளி வேறுபடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

திரைக்காகத் தனியே பணம் ஒதுக்க முடியாத நிலையில், உறவினர் வீட்டில் கிடக்கும் பழைய திரையை அந்த மாணவி வாங்கி வருகிறாள் என்போம். அதன் பின்புறம் நீல நிறத்தில் பதினைந்து துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருக்கக்கூடும். புதிய பலகைகள் பலவற்றில் அந்த இணைப்பு இல்லை, எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கும். ஆனால், விலை குறைந்த பலகைகள் சிலவற்றில் இரண்டுமே உண்டு. பழைய திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கடைக்குக் கொண்டு சென்றால் இந்தத் தொல்லை தீரும். இணைய இணைப்பிலும் இதே கவனம் வேண்டும். மலிவான பலகைகளில் பெரும்பாலும் வைஃபை இருப்பதில்லை. கம்பி இணையம் எட்டாத தோட்டத்தில், சிறிய வைஃபை செருகி ஒன்றை வாங்கலாம். அல்லது கைப்பேசியை அதன் கம்பியாலேயே கணினியோடு இணைத்து அதன் தரவைப் பயன்படுத்தலாம்.

பழைய அலுவலகக் கணினி ஒன்றை மலிவாக வாங்கி, அதில் பாகங்களைச் சேர்க்கலாம் என்ற யோசனையும் எழும். சிலருக்கு அது நல்ல வழியே. ஆயினும், அத்தகைய கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையும் மின்வழங்கியும் அந்தந்த நிறுவனத்திற்கே உரிய வடிவில் இருக்கும். வெளியில் வாங்கிய பாகம் சேராது. வேறொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்தது. விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. கடைக்காரர் ‘ஐ7’ என்று பெருமையாகச் சொன்னாலும், அது எத்தனையாம் தலைமுறை என்று கேட்டுவிட வேண்டும். பழைய ஐ7 ஒன்றைவிடப் புதிய ஐ3 விரைவாக இயங்குவதும் உண்டு.

இயங்குதளத்திற்கும் பணம் ஆகும் என்பதை வரவு செலவுக் கணக்கில் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் உரிமத்திற்குப் பணம் இல்லாதவர் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாக நிறுவலாம். தட்டச்சுக்கு லிப்ரே ஆபீஸ் போதும்; டெலிமா தளத்தை உலாவியிலேயே திறக்கலாம். தமிழில் தட்டச்சு செய்யவும் அதில் வசதி உள்ளது. கணினியில் தமிழ் என்று பேசும்போது மலேசியரான முத்து நெடுமாறனை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் தொடக்கம் 1985. அன்று கணினி இருந்த தமிழ் வீடுகளே மிகச் சில.

பாகங்களின் பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதனோடு சேர வேண்டும் என்று குறித்துக்கொண்ட பிறகே மலாக்கா நகருக்குப் பேருந்து ஏற வேண்டும். ஒன்று கிடைக்கவில்லை என்று கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்தால், அதனோடு தொடர்புடைய மற்ற வரிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். இயங்கலையில் வாங்கினாலும் இதே முறைதான். எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் வாங்குவது நல்லது. ஒன்றை இன்றும் மற்றொன்றை மூன்று மாதம் கழித்தும் வாங்கினால், முதலில் வாங்கியது பழுது என்று தெரியும்போது மாற்றித் தரும் காலம் கடந்திருக்கும். பற்றுச்சீட்டையும் பெட்டிகளையும் பத்திரப்படுத்த வேண்டும். பழுதான பொருளை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் உரிமைக்கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கு வழக்குப் பதிவதற்கான கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞரும் தேவையில்லை. பற்றுச்சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும்.

பாகங்கள் வீட்டுக்கு வந்ததும் அவற்றை உடனே பெட்டிக்குள் திருகிவிடக் கூடாது. தாய்ப்பலகை வந்த அட்டைப் பெட்டியின்மேலேயே பலகையை வைத்துச் செயலி, விசிறி, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். தொடுவதற்கு முன், செருகியைக் கழற்றிவிட்டு, வண்ணம் பூசாத உலோகம் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை வெளியேற்றிக்கொள்ள வேண்டும். செயலியின் மூலையிலும் பொருத்துவாயின் மூலையிலும் சிறு முக்கோணம் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் செயலி தானாகவே உள்ளே இறங்கும். விரலால் அழுத்த வேண்டிய தேவையே இல்லை. அழுத்தினால்தான் இறங்கும் என்று தோன்றினால், அது தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. நினைவகத்தை மட்டும் ‘டக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தலாம். மின்வழங்கியிலிருந்து பலகைக்கு 24 முனைக் கம்பியும், செயலிக்கென்று தனியே நான்கு அல்லது எட்டு முனைக் கம்பியும் போக வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டுக் கணினியே பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வோர் பலர்.

பிறகு திரையை இணைத்து, மின்விசையை அழுத்தலாம். முதல்முறை திரை ஒளிர ஒரு நிமிடத்திற்கு மேலும் ஆகலாம், பதற வேண்டியதில்லை. பயாஸ் பக்கம் தோன்றியதும், அதில் செயலியின் பெயர் சரியாக உள்ளதா, நினைவகம் 16 ஜிகாபைட் என்று காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். எட்டு மட்டும் காட்டினால் மின்சாரத்தை நிறுத்தி, செருகியைக் கழற்றி, இரண்டாவது துண்டை எடுத்து மறுபடியும் ‘டக்’ ஓசை கேட்கும்படி செருகிப் பார்க்க வேண்டும்.